மேடை இசையும் கலைஞன் செவியும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே காலபோக அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்த பின்னரே கோயில்கள் விழாக்கோலம் பூணுகின்றன. இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் குடியேற்றக் கிராமமாகிய வட்டக்கச்சியும் இதற்கு விலக்கன்று. இரவுத் திருவிழாவிலே சுவாமி வீதிவலம் வந்து இருப்பிடம் சேர்ந்ததும் இசைக்குழுவினர் மேடையேறுவர். கீபோட், கிற்றார், தபேலா, ஒக்டபாட், பாடகர் இருவர் என அமைந்த சிறு குழுக்கள் அவை. நள்ளிரவு கடந்தும் அவர்களின் பாட்டு ஓயாது. மேடையின் இருமருங்கும் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். இத்தனை பெட்டி வந்தது என்று எண்ணிச் சொல்வதே திருவிழா உபயகாரரின் மதிப்பை அளக்கும் கோலாகவும் ஆகிவிட்டது.

இத்தனை ஒலிக்கும் நடுவே நிற்கும் பாடகனுக்குத் தன் குரல் கேட்பதில்லை என்றாற் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அதுவே உண்மை. ஒலிபெருக்கிகள் மக்களை நோக்கி நிற்பவை. அவற்றின் பின்னால் நிற்போருக்கு வந்து சேர்வது தாழ்சுருதியின் முழக்கமும், எதிரேயுள்ள மதிலிலும் மண்டபத்திலும் பட்டுத் தாமதித்துத் திரும்பும் எதிரொலியுமேயாகும். விடுமுறை நாள்களில் எங்களூர் இசைக்குழுவொன்றிற் பாடிவரும் மாணவன் என்ற வகையில் இக்குறையை நான் நன்கு அறிவேன். இதற்குத் தீர்வாக இன்று உலக மேடைகளில் வழங்கும் ‘இன் இயர் மொனிற்றர்’ எனும் கருவியைக் குறைந்த பொருள்வசதி உடையோர் எவ்வாறு தெரிந்து கொள்ளலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைஞர் வழக்கையொட்டி அதனை ‘இன் இயர்’ என்றே ஈண்டு குறிப்பிடுவேன்.

பாடுவோன் தன்னைத் தான் கேட்கவேண்டும் என்பது புதிய தேவையன்று. நாதஸ்வர மேளத்திலே ஒத்து என்றொரு கருவி இருந்தது. இராகம் வாசிக்காது, ஒரே சுருதியை இடையறாது ஊதிக்கொண்டு நாதஸ்வரக்காரரின் அருகே நிற்பதே ஒத்து ஊதுவோரின் பணி. பின்னாளில் அவ்விடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. கச்சேரியிலே தம்பூரா பாடகரின் முதுகுப்புறமாக, அவர் செவிக்கு எட்டும் தொலைவில் மீட்டப்படுவதும் இதன் பொருட்டேயாம். காத்தவராயன் கூத்தை எடுத்துக்கொண்டால், ஆடிக்களைத்த கூத்தனின் அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். அவனுக்கு மூச்சுவிட அவகாசம் தருவதோடு சுருதி விலகாமற் காப்பதும் அந்தக் குரல்களே. வீதியிற் பாடுவோர் சிலர் ஒரு கையைச் செவியோடு அணைத்துப் பாடுவதைக் கண்டிருப்போம். அதுவும் தன் குரலைத் தன் காதுக்குத் திருப்பும் உபாயமே. மின்னொலி வந்தபோது இவ்வேற்பாடுகள் யாவும் அதன் இரைச்சலில் அமிழ்ந்து போயின.

மேலைநாட்டிலும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. 1965ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் நியூயோர்க் நகரின் ஷே விளையாட்டரங்கிலே பீற்றில்ஸ் குழுவினர் ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன் பாடினர். மக்களின் கூச்சலில் அக்குழுவினருக்குத் தாம் இசைப்பது தமக்கே சரிவரக் கேட்கவில்லை. கலைஞரை நோக்கித் திரும்பிய சாய்வான ஒலிபெருக்கிகளை மேடைத்தரையில் வைக்கும் வழக்கம் இதன் பின்னரே பரவலாயிற்று. எங்களூர் மேடைகளிலும் இவை ‘மொனிற்றர்’ என்ற பெயரோடு வந்து சேர்ந்தன. ஆயின் இவை ஒரு குறையை நீக்கி வேறு இரு குறைகளைக் கொணர்ந்தன. ஒலிவாங்கி அருகே ஒலிபெருக்கி இருப்பதால், சற்று ஒலியைக் கூட்டினாலும் அது ஊளையிடத் தொடங்கும். இது முதலாவது. தபேலாக்காரர் தமக்குக் கேட்கவில்லை என ஒலியைக் கூட்டக் கேட்பார். அதனாற் பாடகனுக்குத் தன் குரல் மறையும். அவன் தன்னுடையதைக் கூட்டக் கேட்பான். முடிவில் மேடை முழுவதும் போர்க்களமாகும். இது இரண்டாவது. இரைச்சலின் நடுவே மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகிறான் என்பதை எத்தியென் லொம்பார் எனும் பிரெஞ்சு மருத்துவர் 1911ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். இரண்டு இரவு தொடர்ந்து பாடிய பாடகனின் தொண்டை மூன்றாம் நாள் கட்டிக்கொள்வதற்கு நாங்கள் பனியையும் ஐஸ் தண்ணீரையும் குறைகூறுகிறோம். காரணத்தின் பெரும்பகுதி மேடையிலேயே இருக்கிறது.

தொண்டை ஓய்வெடுத்தால் ஆறிவிடும். செவி அத்தகையதன்று. உட்செவியின் நத்தைச்சுருளிலே ஒலியை நரம்புத்துடிப்பாக மாற்றும் மயிர்க்கலங்கள் உள்ளன. இவை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. தொழிலிடச் செவிப்பாதுகாப்புக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கின்படி, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபெலுக்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 100 டெசிபெலுக்கு 15 நிமிடம் மட்டுமே. மேடையில் 100 டெசிபெல் ஒலி நிலவுகிறது எனக் கொள்வோம். இரண்டாம் பாட்டு முடிந்து மூன்றாம் பாட்டு நடுவழியில் நிற்கும்போதே கலைஞனின் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மூன்று நான்கு மணி நேரமும் அவன் தன் செவியின் முதலிலிருந்தே செலவழிக்கிறான்.

வன்னியிற் பிறந்தவர்களுக்கு இக்கணக்கு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. வெடிப்பின் அழுத்த அலை செவிப்பறையைக் கிழிக்க வல்லது. உட்செவியையும் ஊறுபடுத்த வல்லது. 2009 வரை நீடித்த போரின் பின் எங்கள் ஊர்களிலே ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பி, ‘என்ன சொன்னனீ?’ என்று கேட்கும் பெரியவர்களைக் காண்பது அரிதன்று. அவர்கள் செவியை இழந்தது தம் விருப்பத்தாலன்று. அவ்விழப்பு இன்னதென்று வீட்டிலேயே கண்டு வளர்ந்த நாம், எஞ்சிய செவிகளைத் திருவிழா மேடையிலே தெரிந்துகொண்டே பலியிடுவது எவ்வகையிலும் தகாது.

இன் இயரின் தோற்றத்துக்கும் இச்செவித்துன்பமே காரணமாயிற்று எனலாம். 1995ஆம் ஆண்டளவில், வன் ஹேலன் என்ற அமெரிக்க இசைக்குழுவின் மேடை ஒலியைக் கவனித்துவந்த ஜெரி ஹாவி என்பவர், அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வன் ஹேலனுக்காகச் செவித்துளையிற் பொருந்தும் ஒலிப்பானொன்றை அமைத்தார். அதிலிருந்தே அல்றிமேற் இயர்ஸ் எனும் நிறுவனம் தோன்றியது. இத்தகைய கருவிகளுக்குள் வைக்கப்பட்ட நுண்ணிய ஒலிப்பான்களில் ஒருவகை, செவிப்புலன் குன்றியோர் அணியும் கேட்டற் கருவிகளில் முன்னரே பயன்பட்டுவந்ததாகும். இழந்தோருக்காக உருவானது, இழக்காமற் காப்பதற்கும் பயன்பட்டது.

இதன் தத்துவம் எளிது. செவித்துளையை இறுக மூடி வெளியொலியைத் தடுப்பது முதற்படி. தடுத்தபின் கலைஞனுக்கு வேண்டியதை மட்டும் சிறிதளவாக உள்ளே கொடுப்பது இரண்டாம் படி. வெளியே 100 டெசிபெல் ஒலி இருக்க, மூடி 20 டெசிபெலைத் தடுக்குமாயின் உட்செல்வது 80. அதற்குமேல் 88 டெசிபெல் அளவில் தன் குரலையும் சுருதியையும் கேட்டால் தெளிவு போதும். நான்கு மணிநேரக் கச்சேரியும் கணக்குக்குள் அடங்கும். இதிலிருந்து தெரிவுக்கான முதல் விதி பிறக்கிறது. மேடைக்கு வாங்கும் இன் இயரிலே இனிமைக்கு முன் இறுக்கத்தைப் பார்க்கவேண்டும். வீட்டில் அமைதியான அறையிற் கேட்டு ‘நல்ல பேஸ்’ என்று மெச்சப்படும் கருவி, செவியிற் சரியாகப் பொருந்தாவிடின் மேடையிற் பயனற்றதாகும். பொருத்தம் தளர்ந்தால் முதலில் மறைவது தாழ்சுருதியே. கலைஞன் ஒலியைக் கூட்டுவான். காக்கவந்த கருவியே கெடுக்கும் கருவியாகிவிடும்.

நல்லகாலமாக, இறுக்கத்தைத் தருவது பெரும்பாலும் விலையுயர்ந்த பாகமன்று. நுனியிற் செருகும் மிருதுவான உறையே அதனைச் செய்கிறது. சிலிக்கன் உறைகள் மூன்று அளவுகளிற் பெட்டியோடு வருவது வழக்கம். கடற்பஞ்சுபோன்ற நுரையுறைகள் தனியாகவும் கிடைக்கும். விரலால் உருட்டி மெலிதாக்கிச் செருகினால் அவை செவித்துளையின் வடிவுக்கேற்ப விரிந்து அடைத்துக்கொள்ளும். ஒருவரின் இரு செவிகளே வேறுபட்ட அளவினவாய் இருத்தல் உண்டு. வலப்புறம் ஓர் அளவும் இடப்புறம் ஓர் அளவும் இடுவதிற் பிழையில்லை. அணிந்தபின் வாயைத் திறந்து மூடி, தலையை ஆட்டி, உரக்கப் பாடிப் பார்க்கவேண்டும். பாடுகையில் தாடை அசைய உறை நழுவுமாயின் அது பாடகனுக்கு உதவாது. செவியின் மேலாகச் சுற்றிப் பின்கழுத்துக்கு இறங்கும் வடமுடைய அமைப்பு இதற்கு ஏற்றது.

அடுத்து, உள்ளே இருக்கும் ஒலிப்பான்களின் எண்ணிக்கை. மலிவுச் சந்தையிலே ஒரு செவிக்கு ஐந்து, எட்டு எனத் தொகை கூறி விற்பர். எண்ணிக்கை கூடினாற் தரம் கூடும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. பலவற்றுக்கும் ஒலியைப் பங்கிட்டு ஒன்றோடொன்று இசையவைப்பது கடினமான வேலை. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஷுவர் நிறுவனத்தின் எஸ்ஈ 215 எனும் கருவியில் ஒரு செவிக்கு ஒரேயொரு டைனமிக் ஒலிப்பானே உண்டு. உலகெங்கும் தொடக்கநிலைக் கலைஞர் பலர் இன்றும் அதனையே அணிகின்றனர். பாடகனுக்கு மனிதக்குரல் நிலவும் இடைநிலை மீடிறன்கள் தெளிவாக வேண்டும். தபேலாக்காரருக்குத் தொப்பியின் தாழ்நாதம் கலங்காமல் வேண்டும். இவற்றை ஒற்றை ஒலிப்பானாலும் நிறைவாகப் பெறலாம்.

மூன்றாவது, வடம். மேடையில் முதலிற் பழுதாவது வடமே. வியர்வையும் இழுபாடும் அதனை அறுக்கும். கழற்றி மாற்றக்கூடிய வடமாயின் சிறுதொகையோடு செலவு முடியும். ஒட்டிய வடமாயின் கருவியே குப்பைக்குப் போகும். ஆகவே குறைந்த விலையுள்ள இரண்டு கருவிகளுள் ஒன்றைத் தெரியவேண்டிவரின், வடம் கழலும் கருவியையே தெரிக.

நான்காவதாக, புளூரூத் பற்றி ஓர் எச்சரிக்கை. கைத்தொலைபேசியோடு இணையும் கம்பியில்லா இயர்போன்களை மேடைக்குப் பயன்படுத்தலாமே எனப் புதியவர் கேட்பர். அவற்றில் ஒலி செவியை அடைய 100 மில்லிசெக்கனும் அதற்கு மேலும் தாமதமாதல் வழக்கம். வளியில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், இது 34 மீற்றருக்கு அப்பால், கோயில் வீதியின் மறுமுனையில் இருக்கும் தபேலாவைக் கேட்டு இங்கே தாளம் பிடிப்பதற்கு ஒப்பாகும். மேடைக்கெனச் செய்த கம்பியில்லாத் தொகுதிகள் இக்குறை அற்றவை. ஆனால் பெயர்பெற்ற நிறுவனங்களின் தொகுதியொன்று 800 அமெரிக்க டொலர் அளவில் விலைபோகிறது. வானொலி அலைகளைப் பயன்படுத்தும் கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதையும் மறத்தலாகாது.

விலையைப் பேசுமிடத்து எங்கள் நாட்டு நிலையை நினையாதிருக்க முடியாது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபாவாக இருந்த பெறுமதி, சில மாதங்களில் 360 ரூபாவையும் தாண்டியது. பின்னர் ஓரளவு இறங்கி 300 ரூபாவை அண்டி நின்றது. டொலர் 300 ரூபா எனக் கொண்டு கணக்கிடுவோம். சீனத்தின் கேஇசட் முதலிய நிறுவனங்களின் கருவிகளை 20 டொலர் அளவில், அதாவது 6,000 ரூபாவுக்குப் பெறலாம். எஸ்ஈ 215 ஏறத்தாழ 100 டொலர், 30,000 ரூபா. நால்வர் செருகிக் கேட்கக்கூடிய சிறு விரியலாக்கி 30 டொலர், 9,000 ரூபா. இடுப்பிற் செருகும் கம்பிவழி விரியலாக்கி 50 டொலர், 15,000 ரூபா.

இங்கே எங்கள் குழுவின் அமைப்பே வழிகாட்டியது. நமது இசைக்குழுக்களிற் பெரும்பாலோர் அமர்ந்தே வாசிக்கின்றனர். அமர்ந்திருப்பவருக்குக் கம்பியில்லாக் கருவி எதற்கு? நான்கு வாத்தியக்காரருக்கு நான்கு கேஇசட் 24,000 ரூபா. நால்வருக்குமான விரியலாக்கி 9,000 ரூபா. நின்று பாடும் இருவருக்குக் கருவியும் இடுப்பு விரியலாக்கியும் 42,000 ரூபா. ஆக 75,000 ரூபா. பாடகரின் இன் இயர் வடத்தை ஒலிவாங்கி வடத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் காலிற் சிக்காது. வரியும் அஞ்சற் செலவும் வடங்களின் விலையும் இதற்குப் புறம்பானவை. ஆயினும் கம்பியில்லாத் தொகுதி ஒன்றின் விலை 240,000 ரூபா என்பதை எண்ணினால், அதன் மூன்றிலொரு பங்களவில் அறுவரின் செவியையும் காக்கலாம் என்பது புலப்படும். மிக்சரிலே மூன்று துணை வெளியீடுகள் இருத்தல் வேண்டும். வாத்தியக்காரர் நால்வரும் ஒரே கலவையையே கேட்கவேண்டியிருப்பதால் ‘கீபோட் கூட, கிற்றார் குறைய’ என்ற வழக்கு முதல் ஒத்திகையிலேயே எழும். பேசித் தீர்க்கக்கூடிய வழக்கு அது.

எங்கள் குழுவில் எழுந்த தடை பணத்தைப் பற்றியதன்று. ஒரு பருவத்துச் சேமிப்பைக் கொண்டு இன்னும் இரண்டு பெட்டி வாங்குவதே புத்தி எனச் சிலர் வாதிட்டனர். அதற்கு மேற்சொன்ன கணக்கே விடையாயிற்று. தபேலா வாசிக்கும் என் மாமாவுக்கோ கணக்கு விடையாகவில்லை. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஊரே இடம்பெயர்ந்த நாள்களில், அருகில் வீழ்ந்த எறிகணை அவரது இடச்செவியின் கேள்வியைப் பறித்தது.

“இருக்கிறது ஒரு காது, மருமோன். அதையும் அடைச்சுப்போட்டு, சனத்தின்ரை சத்தம் கேளாமல் வாசிக்கச் சொல்லுறியோ?” என்றார் அவர்.

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. இன் இயர் அணிந்தவனுக்குச் சபை மறைந்துபோகும். கைதட்டலும் ‘இன்னொருக்கா’ என்ற குரலும் கண்ணாடிக்கு அப்பால் நிகழ்வனபோலாகும். இருசெவி உடையோர் பலர் இதனாலேயே ஒருபுறத்தைக் கழற்றிவிட்டுப் பாடுகின்றனர். அது தீங்கான வழக்கம். திறந்த செவி மேடையொலி முழுவதையும் வாங்கும். மூடிய செவியோ அத்திறந்த செவியோடு போட்டியிட ஒலியைக் கூட்டக் கேட்கும். இரு செவியாலும் கேட்கும்போது குறைந்த ஒலியே போதுமானதாகத் தோன்றுவது இயற்கை. மாமாவுக்கு அந்த வசதி இல்லை. அதனாலேயே எஞ்சிய ஒன்றைக் காப்பது மற்றெவரையும்விட அவருக்கு இன்றியமையாததாயிற்று.

இரு மாற்றங்களைச் செய்தோம். கலவையை இடம், வலம் எனப் பிரிக்காமல் ஒருசேர அனுப்பினோம். பிரித்தனுப்பினால் ஒருசெவியாளருக்குப் பாதி இசை இல்லாமற் போய்விடும். பின்பு மேடையின் முன்விளிம்பில் மக்களை நோக்கி ஓர் ஒலிவாங்கியை நிறுத்தி, அதன் ஒலியைச் சிறிதளவு வாத்தியக்காரர் கலவையிற் சேர்த்தோம். முதற் கச்சேரி முடிந்த இரவில் மாமாவிடம் கேட்டேன். “சனம் கேட்குது. ஆனால் தூரத்திலைதான் கேட்குது” என்றார். சற்றுப் பொறுத்து, தொப்பியை இவ்வளவு மெதுவாக அடித்தும் தனக்குக் கேட்டது என்றும், கை நோகவில்லை என்றும், வழமையாகப் படுக்கும்போது காதில் எழும் கூவல் அன்றில்லை என்றும் கூறினார். இழப்பும் பேறும் அவர் சொல்லில் ஒருங்கே இருந்தன. அவர் இன்னும் அதனை அணிகிறார். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியிற் கழற்றிவிட்டுச் சபையைப் பார்த்துக்கொள்கிறார்.

இன் இயர் தன்னளவிற் பாதுகாப்பன்று என்பதையும் சொல்லியாகவேண்டும். செவிப்பறைக்கு அண்மையில் ஒலிக்கும் கருவி அது. ஒலிவாங்கி கீழே விழுந்தாலோ, மின் தடைப்பட்டு மின்பிறப்பாக்கிக்கு மாறும்போது அதிர்வொன்று எழுந்தாலோ, அது விலகி ஓட இடமின்றிச் செவியைத் தாக்கும். இலக்கமுறை மிக்சர்கள் பலவற்றில் உள்ள லிமிற்றர் எனும் ஒலிவரம்பை அதன் வெளியீட்டில் இட்டே தீரவேண்டும். அஃதில்லா இடத்தில் மின் மாறும் வேளையிற் கருவியைக் கழற்றும் ஒழுங்கேனும் வேண்டும். ஒலியைத் தாழ்நிலையிலிருந்தே தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக. ஒருவர் அணிந்த உறையை மற்றவர் அணியாதிருக்க. ஒவ்வொரு கச்சேரிக்குப் பின்னும் மெழுகையும் வியர்வையையும் துடைத்துவைக்க. செவியில் நோயோ சீழோ உள்ளவர் மருத்துவரைக் கண்ட பின்னரே இதனை நாடுக.

உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டிலே இசை அரங்குகளுக்கென வகுத்த நியமத்தில், கேட்போருக்குரிய மேல்வரம்பாக 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல் குறிக்கப்பட்டுள்ளது. கேட்போர் விரும்பினால் எழுந்து பின்வரிசைக்குச் செல்லலாம். மேடையில் இருப்பவனுக்கு அந்த வழியில்லை. திருவிழாச் சபைகளும், பல்கலைக்கழகக் கலைவிழாக்களை நடத்தும் மாணவர் சங்கங்களும் ஒலியமைப்புக்குப் பெருந்தொகை ஒதுக்குகின்றன. அத்தொகையில் இரண்டு பெட்டிகளைக் குறைத்து, அப்பணத்தைக் கலைஞரின் செவிக்கு ஒதுக்கினால் கேட்போர் எதனையும் இழக்கமாட்டார்கள். மேடை அமைதியாகும்போது வெளியே செல்லும் இசையும் தெளிவடைகிறது; பாடகன் கத்துவதை விடுத்துப் பாடத் தொடங்குகிறான். இருபது வயதில் ஒக்டபாட் தட்டும் எங்களூர்ப் பிள்ளை, ஐம்பது வயதிலும் தன் பேரப்பிள்ளையின் மழலையை இரு செவியாலும் கேட்கவேண்டும். அதற்கு இன்று ஆகும் செலவு ஆறாயிரம் ரூபாவும் சிறிது சிந்தனையுமே.